மோவாயை எடுத்த வயலின்காரர்

வயலினைத் தோளில் சாய்த்து மோவாயால் அழுத்திப் பிடிப்பதுதான் மேற்கத்திய முறை என்று நினைத்திருப்போம். அந்தப் பிடி வயலினோடு பிறந்ததல்ல. மோவாய்க் கட்டையை லூயி ஷ்போர் என்ற ஜெர்மானிய வித்வான் 1820 வாக்கில்தான் கொண்டுவந்தார். ஜெர்மானிய இசையமைப்பாளர் பாக் மறைந்ததோ 1750இல். அப்படியானால் பாக்கின் காலத்தில் எப்படிப் பிடித்தார்கள்?

இந்தக் கேள்விக்காகத் தன் கையையே மாற்றிக்கொண்டவர் பெல்ஜியத்தின் சிகிஸ்வால்ட் கொய்கென். பிரஸ்ஸல்ஸ் இசைக் கல்லூரியில் நவீன முறையில் படித்துத் தேறியவர். 1969இல், 25 வயதில், மோவாயை எடுத்துவிட்டு வாசிக்கத் தொடங்கினார்.

சொல்வதற்கு எளிது. இடது கை மேல் ஸ்தாயிக்கு ஏறும்போது சிக்கலில்லை. இறங்கும்போது வயலினும் கூடவே வழுக்கி வரும். அதனால் கை தாவ முடியாது. கட்டைவிரலை மெல்ல நகர்த்தி ஊர்ந்துதான் இறங்க வேண்டும். தேர்ந்த வித்வான் ஒருவர் மறுபடி அரிச்சுவடியிலிருந்து தொடங்குவது போன்றது இது. அந்தத் துணிச்சல் எனக்குப் பெரிதாகப்படுகிறது.

பலன் காதில் விழுகிறது. கை அநாவசியமாக நகராததால் திறந்த தந்திகள் தாராளமாக ஒலிக்கின்றன. எல்லா ஸ்வரத்தையும் நடுக்கி இழைக்கும் வழக்கம் அடங்குகிறது. ஆட்டுக்குடல் தந்தி, ஏறக்குறைய அரை ஸ்வரம் இறங்கிய ஸ்ருதி, நுனியில் எடை குறைந்த பழைய வில் எல்லாம் சேரும்போது, வயலின் பாடுவதைக் காட்டிலும் பேசுகிறது.

நமக்கு இது அந்நியமல்ல. நம் கர்நாடக இசை வித்வான்கள் தரையில் அமர்ந்து, வயலினின் தலையைக் கணுக்காலில் ஊன்றி, கமகத்துக்காக இடது கையை விடுவித்துக்கொண்டவர்கள். கர்நாடக இசைக்கு வயலினைக் கொண்டுவந்த முன்னோடி பாலுசுவாமி தீட்சிதர் சென்னையில் அதைக் கற்ற நாளில் மோவாய்க் கட்டை பிறக்கவே இல்லை.

1972இல் கொய்கென் 'லா பெடிட் பாண்ட்' குழுவைத் தொடங்கினார். பிரெஞ்சு மன்னர் 14ஆம் லூயியின் அரசவையில் இசையமைப்பாளர் லல்லி நடத்திய குழுவின் பெயர் அது. ஹேக் நகரின் ராயல் கன்சர்வேட்டரியில் 1971 முதல் 25 ஆண்டுகள் பழைய முறை வயலின் கற்பித்தார். ஜப்பானிய வயலின் கலைஞர் ரியோ தெராகாடோ அவரிடம் படித்தவர்.

அறுபது வயதிலும் தேடல் நிற்கவில்லை. மார்பின் குறுக்கே வாரில் தொங்கவிட்டு வாசிக்கும் தோள் செல்லோவைக் கையில் எடுத்தார். பாக்கின் ஆறு செல்லோ தொகுப்புகளையும் அதிலேயே பதிவு செய்தார். இதை ஏற்காத செல்லோ கலைஞர்கள் உண்டு. எனக்கு அந்த வாசிப்பு பிடிக்கும். நடன அசைவு அதில் தெளிவாக இருக்கிறது.

பாக்கின் தனி வயலின் படைப்புகளை 1980களின் தொடக்கத்தில் பதிவு செய்தார். ஏறக்குறைய இருபது ஆண்டுகள் கழித்து மீண்டும் ஒருமுறை. இரண்டிலும் டி மைனர் பார்ட்டிட்டாவின் 'சகோன்' பகுதியை ஓர் இரவு அடுத்தடுத்துக் கேளுங்கள்.