சூரியன் எட்டாத அறைக்கு வெளிச்சம்

சத்தியவேட்டுக்காரர்களுக்கு நாகலாபுரம் பக்கத்து ஊர். அங்கே வேதநாராயண சுவாமி கோயிலில் மூலவர் மேற்கு பார்த்து நிற்கிறார். மார்ச் கடைசி வாரத்தில் மூன்று நாள், மாலை ஆறு மணி வாக்கில், மறையப்போகும் சூரியன் கோபுர வாசலில் நுழைந்து, அடுத்தடுத்த வாசல்களைத் தாண்டி, நேரே சுவாமியின் மேல் வந்து விழுகிறது. முதல் நாள் பாதம், இரண்டாம் நாள் நாபி, மூன்றாம் நாள் நெற்றி என்று வரிசை சொல்வார்கள். சூரிய பூஜை பார்க்கக் கூட்டம் திரளும். கிருஷ்ணதேவராயர் தம் தாயார் நாகலாதேவியின் நினைவாக எழுப்பிய கோயில் என்பது வழிவழியாக வரும் செய்தி.

ஏன் சில நாட்கள் மட்டும்? மார்ச் மாதத்தில் சூரியன் மறையும் இடம் நாளுக்குச் சுமார் 0.4 பாகை வடக்கே நகர்கிறது. வானில் சூரிய வட்டத்தின் அகலமே அரைப் பாகைதான். 100 மீட்டர் தள்ளி நின்று ஒரு மீட்டர் அகல வாசலைப் பார்த்தால், அதுவும் கண்ணுக்கு ஏறக்குறைய அதே அரைப் பாகை. ஆழமான ஒரு கோயிலின் கடைக்கோடியிலிருந்து பார்க்கும்போது முதல் வாசல் சூரியன் அளவுக்குச் சிறுத்துவிடுகிறது. சூரியன் அந்தச் சந்தில் ஒரு நாள் பாதி எட்டிப் பார்க்கும், மறுநாள் முழுதாக வந்து நிற்கும், அதற்கு அடுத்த நாள் நழுவத் தொடங்கும். பிறகு செப்டம்பர் நடுவில்தான் அதே தடத்துக்குத் திரும்பும். வெளிச்சம் எங்கே விழவேண்டும் என்று முடிவு செய்துவிட்டுத்தான் அந்த ஸ்தபதிகள் கல்லை வைத்திருக்க வேண்டும்.

இன்று வீட்டுக்குக் கீழே நிலவறை கட்டுகிறவர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். ஆந்திரத்தில் செல்லார், சென்னையில் பேஸ்மென்ட். எதுவானாலும் பூச்சு வேலை, பெயின்ட் எல்லாம் முடிந்த பிறகுதான் வெளிச்சத்தின் நினைப்பே வருகிறது. நடுவில் ஒரு டியூப் லைட் மாட்டினால் ஆயிற்று என்று விட்டுவிடுகிறார்கள். அறை குகை மாதிரி ஆகிவிடுகிறது. விளக்குக்கான பைப்பும் பெட்டியும் தளத்துக்குக் கான்கிரீட் ஊற்றும் முன்பே கம்பிகளுக்கு நடுவே உட்கார்ந்துவிட வேண்டும். அதனால் யோசனையும் அதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும்.

முதலில் இலவசமாகக் கிடைப்பதை எடுத்துக்கொள்வோம். ஒரு பரப்பின் மேல் விழும் வெளிச்சத்தை அளக்கும் அலகு லக்ஸ். உச்சிவெயிலில் தரையில் விழுவது சுமார் 1,00,000 லக்ஸ். மேகம் மூடிய பகலில் 10,000. இரவில் விளக்குப் போட்ட நம் வீட்டுக் கூடத்தில் 100 முதல் 150 வரை இருந்தால் அதிகம். அப்படியென்றால் மேகமூட்டமான பகலின் வெளிச்சத்தில் நூற்றில் ஒரு பங்கை உள்ளே கொண்டுவந்துவிட்டால், ஸ்விட்சைத் தொடாமலே நிலவறை கூடத்துக்குச் சமமாகிவிடும். தரைமட்டத்துக்கு மேலே தலை நீட்டும் சுவரில் நீளமான வென்டிலேட்டர் வைத்து, அதன் வெளிப்பக்கச் சுவருக்கு வெள்ளை அடித்தாலே கணிசமான வெளிச்சம் இறங்கும்.

சுவருக்கு மேலே நடைபாதைதான் இருக்கிறது, வென்டிலேட்டருக்கு இடமே இல்லை என்றால்? அமெரிக்காவில் தாடியஸ் ஹயட் என்பவர் 1845இல் அதற்கும் வழி கண்டு காப்புரிமை பெற்றார். இரும்புத் தகட்டில் கண் கண்ணாகக் கண்ணாடியைப் பதித்து, அதையே நடைபாதையாகப் போட்டார். மேலே ஜனங்கள் நடக்கிறார்கள்; கீழே கிடங்கில் வெளிச்சம். கண்ணாடிக்கு நேர் கீழே மட்டும் பிரகாசம், உள்ளே போகப்போக இருட்டு என்ற குறை மிஞ்சியது. பின்னால் கண்ணாடியின் அடிப்பக்கத்தைப் பட்டகமாகச் செதுக்கி அதையும் தீர்த்தார்கள். கண்ணாடிக்குள் வரும் ஒளி அதன் உள்பரப்பில் சுமார் 42 பாகைக்கு மேல் சாய்ந்து மோதினால் வெளியேறாது. அப்படியே முழுதாகத் திரும்பிவிடும். பள்ளிப் புத்தகத்தில் படித்த முழு அக எதிரொளிப்பு இதுதான். வானத்திலிருந்து செங்குத்தாக இறங்கும் ஒளி பக்கவாட்டில் திரும்பி, அறையின் பின்சுவர் வரை போய்ச் சேருகிறது. ரசம் பூசிய கண்ணாடிகூட இவ்வளவு சேதாரமில்லாமல் ஒளியைத் திருப்பித் தராது.

அடுத்தது எனக்கு மிகவும் பிடித்த கணக்கு. ஒளி சுவரில் பட்டதும் தீர்ந்துபோவதில்லை. நல்ல வெள்ளைச் சுவர் 100 பங்கில் 80 பங்கைத் திருப்பி அனுப்பும். அந்த 80 எதிர்ச்சுவரில் பட்டு 64 ஆகத் திரும்பும், பிறகு 51, பிறகு 41... நாலாபக்கமும் அடைத்த அறையில் இந்தப் பந்தாட்டம் முழுவதையும் கூட்டினால் மொத்தம் 500. சுவர், கூரை, தரை எல்லாமே அவ்வளவு வெள்ளையாக இருந்தால் ஒரு விளக்கு ஐந்து விளக்கின் வேலையைச் செய்யும். பாதியைத் திருப்பும் நிறமென்றால் கூட்டுத்தொகை 200. அடர்ந்த காப்பிக்கொட்டை நிறச் சுவர் 20 பங்கைத்தான் திருப்பும். அங்கே கூட்டினால் வெறும் 125. விளக்கு அதேதான், கரண்ட் பில்லும் அதேதான். தரையும் சாமான்களும் இருக்கிற உண்மையான அறையில் ஐந்து மடங்கு வராது என்றாலும், எந்தப் பெயின்ட் என்பதுதான் எத்தனை பல்ப் என்பதைத் தீர்மானிக்கிறது. பொங்கலுக்குப் பொங்கல் சுண்ணாம்பு அடித்த வீடுகள் ஒற்றைச் சிம்னி விளக்கில் சமாளித்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

வீட்டில் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 12 அடிக்கு 15 அடி அறை என்றால் சுமார் 17 சதுர மீட்டர். 150 லக்ஸ் வேண்டுமானால் 2,550 லூமென் தேவை. லூமென் என்பது விளக்கு வெளியே தள்ளும் மொத்த ஒளி. பல்ப் பெட்டியின் மேல் அச்சிட்டிருப்பார்கள். வழியில் பாதி போய்விடும் என்று வைத்துக்கொண்டு 5,000 லூமெனுக்குத் திட்டமிடுவது நல்லது. 9 வாட் எல்.இ.டி. ஒன்று சுமார் 900 லூமென் தரும். ஆறு பல்ப், 54 வாட். பழைய குண்டு பல்பில் இதே வெளிச்சம் வேண்டுமானால் 60 வாட்டில் ஏழு மாட்டவேண்டும், 420 வாட்.

அந்த ஆறையும் நடுக்கூரையில் கொத்தாக மாட்டினால் வீண். நிமிர்ந்து நிற்கும் மனிதனின் கண் பார்ப்பது தரையை அல்ல, எதிர்ச்சுவரை. தரையில் எவ்வளவுதான் வெளிச்சம் கொட்டினாலும் சுவரின் மேல்பாதி நிழலாக இருந்தால் அறை இருட்டு என்றே மனம் சொல்லும். நிலவறைக்குக் கூரை வேறு தாழ்வு. கீழ்நோக்கிய விளக்குகள் நேரே கண்ணில் குத்தும். ஃபால்ஸ் சீலிங்கின் ஓரத்தில் எல்.இ.டி. ஸ்டிரிப்பை ஒளித்து வைத்துச் சுவரையும் கூரையையும் நனைத்தால், அதே எட்டடிக் கூரை உயர்ந்துவிட்டதாகத் தோன்றும்.

அந்த ஸ்டிரிப்பை அணைத்துவிட்டுக் கிட்டே போய்ப் பாருங்கள். சின்னச் சின்ன மஞ்சள் கட்டங்கள் தெரியும். உண்மையில் அதற்குள் இருப்பது நீல விளக்கு. காலியம் நைட்ரைடு என்ற படிகத்திலிருந்து பளிச்சென்ற நீல ஒளியை எடுத்ததற்காக அகாசாகி, அமானோ, நாகமுரா மூவரும் 2014இல் இயற்பியல் நோபல் பரிசு பெற்றார்கள். மேலே பூசிய மஞ்சள் ஒளிர்பொடி அந்த நீலத்தில் ஒரு பகுதியை விழுங்கி மஞ்சளாக உமிழ்கிறது. மிச்ச நீலமும் இந்த மஞ்சளும் கலந்து வருவதைத்தான் கண் வெள்ளை என்று ஏற்றுக்கொள்கிறது.

இந்தக் கலவையில் மலிவு சரக்கென்றால் அடிபடுவது சிவப்புதான். குங்குமம் பழுப்படித்துப்போகும், அரக்குப் பட்டு சாயம்போனது போலத் தெரியும். பெட்டியில் நிறம் காட்டும் எண்ணைப் பாருங்கள்: சூரிய ஒளிக்கு 100, நல்ல விளக்குக்கு 90க்கு மேல். சன்னலில்லாத அறையில் ஒப்பிட்டுப் பார்க்கப் பகல் வெளிச்சமே இல்லாததால், இந்த எண்ணில் சிக்கனம் பிடிக்கவே கூடாது. செல்போன் கேமராவை விளக்கின் பக்கம் திருப்பி ஸ்லோ மோஷனில் எடுத்தும் சோதிக்கலாம். திரையில் கறுப்புப் பட்டைகள் ஓடினால் அந்த விளக்கு நொடிக்கு 100 முறை துடிக்கிறது என்று பொருள். கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் சிலருக்குத் தலைவலி தரும்.

2002இல் டேவிட் பெர்சன் குழுவினர், பார்ப்பதற்கென்று அல்லாமல் உடம்புக்கு நேரம் சொல்வதற்கென்றே விழித்திரையில் தனிச் செல்கள் இருப்பதைக் காட்டினார்கள். நீலம் கலந்த வெளிச்சத்துக்கு அவை விழித்துக்கொள்ளும். நிலவறையில் அவற்றுக்குப் பகல் எது, இரவு எது என்று சொல்ல விளக்கைத் தவிர வேறு ஆள் இல்லை. பகலில் உட்கார்ந்து வேலை செய்யும் அறையென்றால் 4,000 கெல்வின் அளவில் வெண்மையான விளக்குகள் ஒரு ஸ்விட்சிலும், ராத்திரிக்கு 2,700 கெல்வின் இளமஞ்சள் வேறு ஸ்விட்சிலும் இருக்கட்டும்.

கடைசியாகப் படிக்கட்டு. மேலே ஒன்று, கீழே ஒன்று என்று டூ வே ஸ்விட்ச் போடாத எலக்ட்ரீஷியன் கிடையாது. இரண்டுக்கும் நடுவே இரண்டு ஒயர்கள் ஓடுகின்றன. இரு ஸ்விட்சுகளும் ஒரே ஒயரைத் தொட்டால் விளக்கு எரியும், வெவ்வேறு ஒயரைத் தொட்டால் அணையும். எதைத் தட்டினாலும் நிலை மாறிவிடும்.

கரண்ட் போனால் நிலவறையில் நட்சத்திர வெளிச்சம்கூட இருக்காது. அதனால் அடிப்படி அருகே உள்ளே பேட்டரி வைத்த இன்வெர்ட்டர் பல்ப் ஒன்று அவசியம். யாரோ ஸ்விட்சை அணைத்ததா, கரண்டே போனதா என்று அதற்கு எப்படித் தெரிகிறது? இரண்டிலுமே மின்சாரம் வரவில்லைதான். ஸ்விட்சை அணைத்தால் சுற்று அறுந்துவிடும். கரண்ட் போகும்போது ஸ்விட்ச் போட்டபடியே இருந்தால், வீட்டிலுள்ள மற்ற மின்சாதனங்கள் வழியாகச் சுற்று தொடுத்தபடியே இருக்கும். பல்ப் தன் இரு முனைகளுக்கும் நடுவே அந்தத் தொடர்பு இருக்கிறதா என்று துழாவிப் பார்த்துத்தான் எரிகிறது. கடைக்காரர் அதைக் கையில் எடுத்து அடிமுனைகளை விரலால் தொட்டு எரியவைத்துக் காட்டுவார். விரலே அங்கே சுற்றாகிவிடுகிறது. ஆகவே அந்த ஒரு விளக்கின் ஸ்விட்ச் மட்டும் ராப்பகலாகப் போட்டபடியே இருக்கவேண்டும். அதற்கென்று தனி ஸ்விட்ச் வைத்து, குழந்தைகள் கைக்கு எட்டாத உயரத்தில் மாட்டச் சொல்லுங்கள்.