காற்சட்டையில் கழிக்கும் பிள்ளையை அடிக்க வேண்டாம்

ஏழெட்டு வயதுப் பிள்ளை காற்சட்டையில் மலங் கழித்துவிட்டு, "எனக்குத் தெரியாது அம்மா" என்றால் கோபம் வருவது இயல்பே. கழுவத் தண்ணீரும் மாற்ற உடுப்பும் குறைந்த இடத்தில் அக்கோபம் இன்னுங் கூடும். ஆனால் பெரும்பாலும் பிள்ளை சொல்வது உண்மை.

குடலின் கடைசிப் பகுதியை நேர்குடல் என்கிறோம். மலம் வந்து சேர்ந்து அதன் சுவர் விரியும்போது, அங்குள்ள உணர்ச்சி நரம்புகள் முள்ளந்தண்டு வழியாக மூளைக்கு அறிவிக்கின்றன. வெளிக்கு வருகிறது என்று நமக்குத் தெரிவது இதனாலேயே. ஒருநாள் இறுகிய மலம் போகையில் நொந்திருக்கலாம். அல்லது இடம்பெயர்ந்து வந்த இடத்து மலசலகூடம் தூரமாகவும் இருட்டாகவும் இருக்கலாம். பிள்ளை அடக்கிக்கொள்கிறது. அடக்க அடக்க மலம் காய்ந்து பருக்கிறது, குடலும் விரிகிறது. மாதக்கணக்கில் விரிந்த குடல், றப்பர் தொய்ந்த காற்சட்டை போன்றது. முன்னர் சிறிது மலத்துக்கே உணர்ந்த பிள்ளை, இப்போது நிறையச் சேர்ந்தாலும் உணர்வதில்லை. கட்டியின் பக்கத்தால் கசியும் தண்ணி மலம் அதற்குத் தெரியாமலே வந்துவிடுகிறது. இதை வயிற்றோட்டம் என்றெண்ணி அதை நிறுத்த மருந்து கொடுப்போரும் உண்டு. அது மலச்சிக்கலை இன்னும் மோசமாக்கும்.

நரம்பு செத்துவிடவில்லை. கட்டியை வெளியேற்றி, குடல் மீண்டும் நிரம்பாமல் பார்த்துக்கொண்டால் உணர்வு பெரும்பாலும் மெல்ல மெல்லத் திரும்பும். ஆனால் இதற்கு மாதங்கள் எடுக்கும். இங்கேதான் நாம் தவறுகிறோம்: மலம் இளகியதும் வைத்தியர் தந்த லக்ருலோஸ் பாணியை நிறுத்திவிடுகிறோம். அவர் சொல்லும்வரை நிறுத்தக் கூடாது. பப்பாசிப்பழமும் கீரையும் நல்லவைதாம். ஆனால் இறுகிக் கிடக்கும் கட்டியை அவை மட்டும் இளக்கமாட்டா.

சாப்பிட்டதும் பெருங்குடல் தானாக அசையும். ஆகவே காலையும் இரவும் சாப்பாட்டின் பின், வந்தாலும் வராவிட்டாலும், ஐந்து பத்து நிமிடம் குந்தியிருக்கச் செய்யுங்கள். இருட்டென்றால் கூடப் போய் வாசலில் நில்லுங்கள்.

பிறவியிலேயே குடலின் கடைசிப் பகுதியில் நரம்புக் கலங்கள் இல்லாத பிள்ளைகளும் சிலர் உளர். டென்மார்க் வைத்தியர் ஹேர்ஷ்ப்ருங் 1886இல் விவரித்த இவ்வருத்தம் ஏறக்குறைய 5,000 பிள்ளைகளில் ஒருவருக்கு வரும், சத்திரசிகிச்சை தேவை. பிறந்து 48 மணித்தியாலத்துள் முதற் கரிய மலம் போகாதிருந்தாலோ, வயிறு ஊதிப் பச்சையாகச் சத்தி எடுத்தாலோ, கால்கள் பலவீனமாக இருந்தாலோ தாமதியாது ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்லுங்கள். பிள்ளையின் கிளினிக் கொப்பி இடப்பெயர்வில் தொலைந்திருந்தாலும் பரவாயில்லை. முதல் மலம் எப்போது போனது என்று தாய்க்கு ஞாபகம் இருப்பதைச் சொன்னாலே வைத்தியருக்கு அது பெரிய உதவி.