மட்கும் உலகம் – 11: அறுவடை முடிந்த பெட்

பொள்ளாச்சிக்குப் பக்கத்தில் ஒரு சிப்பிக் காளான் குடில். தென்னங்கீற்றுக் கூரை, தரையில் மணல், சுற்றிலும் ஈரச் சாக்கு. மூன்று அறுப்பு முடிந்த வைக்கோல் பைகளை (பெட்) கயிற்றிலிருந்து அவிழ்த்து வாசலில் போட்டுக்கொண்டிருந்தார் குடிலை நடத்தும் அம்மா.

“இனி இதுல ஒண்ணுமில்லீங்க. எருக்குழிக்குத்தான் போகும்” என்றார்.

ஒரு பையைக் கிழித்துப் பார்த்தேன். கட்டும்போது மஞ்சளாக, விறைப்பாக இருந்திருக்கும் வைக்கோல் வெளிறிப்போய், வெள்ளை நூலால் தைத்ததுபோல ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தது. விரல்களுக்கிடையே நசுக்கினால் பொடிந்தது. ஒன்றரை மாதத்தில் பூஞ்சை செய்து முடித்த வேலை. ஒரு பை கேட்டு வாங்கி வந்தேன்.

மறுநாள் தெரிந்த கல்லூரி ஆய்வகம் ஒன்றில் அந்த வைக்கோலைக் குளிர்ந்த நீரில் ஊறவைத்துப் பிசைந்து, மெல்லிய துணியில் வடிகட்டினோம். தண்ணீராகப் போட்ட டீ போல ஒரு சாறு வந்தது. இரண்டு சோதனைக் குழாய்களில் ஊற்றி, ஒன்றை மட்டும் நன்றாகக் கொதிக்கவைத்து ஆறவிட்டோம். பிறகு இரண்டிலும் குவாயகால் என்ற வேதிப்பொருளைச் சில சொட்டு விட்டோம். கொதித்த குழாயில் மாற்றமே இல்லை. கொதிக்காத குழாயில் கொஞ்சநேரத்தில் செங்கல் நிறம் படர்ந்தது. கொதித்தால் செயலிழந்துவிடும் ஏதோ ஒன்று அந்தச் சாற்றில் வேலை செய்கிறது. அதுதான் லாக்கேஸ் என்ற நொதி. எருக்குழிக்குப் போகவிருந்த வைக்கோலுக்குள் அது இன்னும் உயிர்ப்போடு இருந்தது.

பூஞ்சைக்கு வாயும் கிடையாது, வயிறும் கிடையாது. நாம் சாப்பிட்ட பிறகு செரிக்கிறோம். அது செரித்த பிறகு சாப்பிடுகிறது. நொதிகளை வெளியே கசியவிட்டு, கரைந்ததை மட்டும் உறிஞ்சிக்கொள்கிறது. அதனால்தான் பூஞ்சையின் உடலை உடைக்காமலே, வெறுமனே ஊறவைத்துப் பிழிந்து நொதியை எடுக்க முடிகிறது.

அது செரிக்கும் பொருள்தான் ஆச்சரியம். மரத்தையும் வைக்கோலையும் பெரும்பாலான நுண்ணுயிர்களிடமிருந்து காப்பது லிக்னின். பழைய செய்தித்தாள் வெயில் பட்டு மஞ்சளாவதற்கும் இதுவே காரணம். செல்லுலோஸ், ஒரே கண்ணியைத் திரும்பத் திரும்பக் கோத்த சங்கிலி. ஏற்ற நொதி இருந்தால் கண்ணி கண்ணியாக அறுத்துவிடலாம். லிக்னினில் அந்த ஒழுங்கு இல்லை. தலையும் காலும் தெரியாத சிக்கு. சிப்பிக் காளான் போன்ற வெள்ளை அழுகல் பூஞ்சைகள் அந்தச் சிக்கை எடுக்க முயல்வதில்லை. லிக்னினிலிருந்து எலக்ட்ரானைப் பிடுங்கிவிடுகின்றன. பிடுங்கிய இடம் நிலைகுலைய, பிணைப்புகள் தாமாகவே முறிகின்றன.

அமெரிக்காவின் மாடிசன் நகரிலுள்ள வனப்பொருள் ஆய்வகத்தில் மிங் டியென், கென்ட் கிர்க் இருவரும் அப்படி எலக்ட்ரானைப் பிடுங்கும் லிக்னின் பெராக்சிடேஸ் நொதியைக் கண்டறிந்து 1983-ல் வெளியிட்டார்கள். அவர்கள் வளர்த்த ஃபனரோகீட் கிரைசோஸ்போரியம் என்ற பூஞ்சை, தழைச்சத்துக்குத் தட்டுப்பாடு வந்தால்தான் அந்த நொதியைச் சுரக்கும். தாராளமாக ஊட்டினால் சுரக்காது.

லாக்கேஸ் அதற்கும் 100 ஆண்டு மூத்தது. ஜப்பானில் மரச்சாமான்களுக்கு மெருகேற்றப் பயன்படும் லாக்கர் மரத்தின் பாலில் 1883-ல் யோஷிடா என்ற வேதியியலாளர் கண்டறிந்தது. பெயரும் அந்த மரத்திலிருந்து வந்ததுதான். வேலை செய்யும் இடத்தில் 4 செம்பு அணுக்கள். காற்றிலுள்ள ஆக்சிஜன் போதும், கடைசியில் மிஞ்சுவது தண்ணீர். சிப்பிக் காளான் வளரும் ஊடகத்தில் மயில்துத்தம் (செம்பு சல்பேட்) துளி சேர்த்தால் லாக்கேஸ் கூடுவதற்கும் இந்தச் செம்புதான் காரணம்.

பொள்ளாச்சிப் பக்கம் இந்த நொதிகளின் பலத்தை ஏற்கெனவே பார்த்திருக்கிறார்கள், நொதி என்ற பேச்சில்லாமலே. கயிறு ஆலைகளுக்கு வெளியே மலைபோலக் குவியும் நார்க்கழிவு லேசில் மட்காது, லிக்னின் அவ்வளவு. கோவை வேளாண் பல்கலைக்கழகம் சொன்ன முறை எளிமையானது: 1 டன் கழிவுக்கு 5 புட்டி சிப்பிக் காளான் வித்து, 5 கிலோ யூரியா, அடுக்கடுக்காகப் பரப்பி ஈரம் காய விடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். 112-க்கு 1 என்றிருந்த கரி, தழைச்சத்து விகிதம் 24-க்கு 1 என்று இறங்கிவிடும். அங்கே நொதி எரு செய்து முடித்து மண்ணோடு போகிறது. அதைப் பிழிந்து எடுத்துவிட்டு, சக்கையை எருவாக்கினால் என்ன என்பதே என் கேள்வி.

நொதிக்குச் சந்தை இல்லாமல் இல்லை. ஜீன்ஸ் துணியின் நீலத்தை வெளுக்க லாக்கேஸ் பயன்படுகிறது. திருப்பூர் பனியனில் ‘பயோ வாஷ்’ என்று போட்டிருக்கிறார்களே, அது செல்லுலேஸ் நொதியால் துணியின் பிசிறை நீக்குவது. செல்லுலேஸுக்குப் பேர்போன டிரைக்கோடெர்மா ரீசி, இரண்டாம் உலகப்போரின்போது சாலமன் தீவுகளில் அமெரிக்கப் படையின் பருத்திக் கித்தானை மட்கவைத்துக்கொண்டிருந்த பூஞ்சை. இதே டிரைக்கோடெர்மா இனத்துப் பூஞ்சைகள் காளான் பெட்டில் பச்சையாகப் படர்ந்தால் அந்தப் பையைத் தூக்கி எறிய வேண்டியதுதான். குடில்காரர்கள் அதன் நிறத்தைப் பார்த்தாலே பதறுவார்கள்.

அறுப்பு முடிந்த பெட்டில் கிடைப்பது மிச்சம்தான், அதை மறைக்கக் கூடாது. சிப்பிக் காளான் லாக்கேஸை அதிகம் சுரப்பது, வெள்ளை இழை பை முழுக்கப் பரவும் நாட்களில். மொட்டு விடத் தொடங்கியதும் லாக்கேஸ் இறங்கி, செல்லுலேஸ் ஏறும். காளானாக உடம்பு கட்டச் சர்க்கரை வேண்டுமே! ஆக, லாக்கேஸ் நிறைய வேண்டுமென்றால் காளான் எழும்பும் முன்பே பையைப் பிரிக்க வேண்டும்.

அந்த அம்மாவிடம் போனில் இதைச் சொன்னேன். அடுத்த முறை கட்டும்போது, முழுக்க வெளுத்த பைகள் இரண்டை மொட்டு விடும் முன்பே எனக்குத் தர முடியுமா என்று கேட்டேன்.

“பழசு எத்தனை வேணும்னாலும் அள்ளிக்குங்க. வெளுத்த பையவா கேக்கறீங்க? அதுல முளைக்கிற காளானுக்கும் சேத்துக் காசு குடுத்தீங்கன்னா எடுத்து வெக்கறனுங்க” என்றார்.

சரி என்றேன். பழையதில் 10 பையும், வெளுத்ததில் 2 பையும் கேட்டிருக்கிறேன்.