நெய்வேலி வானத்துக்கு ஒரு தொலைநோக்கி

நெய்வேலியில் இரவு முழுதாக இருட்டுவதில்லை. மைன்ஸில் மூன்று ஷிஃப்டும் வேலை நடக்கிறது. பழுப்பு நிலக்கரியை வெட்டும் ராட்சத இயந்திரங்களும் அதைச் சுமந்து செல்லும் கன்வேயர் பெல்ட்டுகளும் விளக்கு வெளிச்சத்தில் விடிய விடிய ஓடுகின்றன. தெர்மல் என்று ஊரார் சொல்லும் அனல்மின் நிலையத்தின் குளிர்விப்புக் கோபுரங்களிலிருந்து எழும் நீராவி அந்த வெளிச்சத்தை வாங்கி வானத்தில் பரப்பிவிடுகிறது. 1962இல் முதல் மின் அலகு ஓடத் தொடங்கிய காலத்திலிருந்தே இந்த ஊரின் இரவு இப்படித்தான். அதனால், தொலைநோக்கி கேட்கும் பிள்ளையிடம் “நம்ம ஊர்ல அதை வெச்சு என்ன தெரியப்போகுது?” என்று டவுன்ஷிப் பெற்றோர் தயங்குவதில் நியாயம் இருக்கிறது.

நிறையவே தெரியும் என்பதுதான் பதில். ஆனால் எது தெரியும், எது தெரியாது என்பதைப் பணம் கொடுப்பதற்கு முன்பே புரிந்துகொண்டுவிட வேண்டும்.

ஊர் வெளிச்சம் விழுங்குவது மங்கலானவற்றை. பால்வழி மண்டலத்தின் வெண்பட்டை, தொலைவிலுள்ள விண்மீன் திரள்கள், வாயு மேகங்கள் ஆகியவற்றின் ஒளி மெல்லியதாகப் பரந்து கிடப்பதால், பின்னணி வானம் வெளுத்ததும் அவை கரைந்துபோகின்றன. நிலாவும் கோள்களும் இரட்டை நட்சத்திரங்களும் அப்படியல்ல. அவற்றின் ஒளி ஒரே இடத்தில் குவிந்திருக்கிறது. சுரங்க விளக்கால் வியாழனையோ சனியின் வளையத்தையோ மறைக்க முடியாது. முதல் தொலைநோக்கி வாங்கும் எவரும் முதல் இரண்டு வருடம் பார்த்து மகிழப்போவது பெரும்பாலும் இவற்றைத்தான்.

இங்கே காவலூரை நினைத்துக்கொள்ள வேண்டும். வானியலாளர் வைணு பாப்பு 1960களில் புதிய வானாய்வகத்துக்கு இடம் தேடியபோது ஜவ்வாது மலையிலுள்ள இந்தக் காவலூரைத் தேர்ந்தெடுத்தார். நகர வெளிச்சம் எட்டாத காட்டு இருட்டு ஒரு காரணம். தென் வானத்தை ஆழமாகப் பார்க்கக் கிடைக்கும் தாழ்ந்த அட்சரேகை இன்னொரு காரணம். 1972இல் அங்கே 1 மீட்டர் தொலைநோக்கி நிறுவப்பட்டது. 1986இல் 2.34 மீட்டர் தொலைநோக்கி வந்தது. இப்போது அது பாப்புவின் பெயரையே தாங்கி நிற்கிறது. காவலூரின் அட்சரேகை ஏறத்தாழ 12½ பாகை, நெய்வேலியுடையது 11½ பாகை. பாப்பு தேடிப்போன இரண்டு வரங்களில் நெய்வேலி இழந்திருப்பது ஒன்றை மட்டுமே. தென் வானம் நம் வீட்டு மாடிக்கு மேலேயும் அப்படியே இருக்கிறது, சொல்லப்போனால் ஒரு பாகை கூடுதலாக.

இந்த ஒரு விஷயம் எவ்வளவு பெரியது என்பதை லண்டன்காரர் ஒருவரோடு ஒப்பிட்டால் தெரியும். கோள்கள் சூரியன் செல்லும் பாதையை ஒட்டியே நகர்கின்றன. அந்தப் பாதையின் தென்கோடிக்கு வியாழன் இறங்கும் ஆண்டுகளில், லண்டனில் அது அடிவானத்திலிருந்து 15 பாகை உயரத்துக்கு மேல் ஏறாது. நெய்வேலியில் அதே வியாழன் 55 பாகை உயரத்தில் நிற்கும். தாழ்ந்து நிற்கும் கோளின் ஒளி அடர்ந்த காற்றைக் குறுக்காகக் கடந்து வர வேண்டியிருப்பதால் படம் கலங்கும், நடுங்கும். விலை உயர்ந்த கருவி அங்கே தடுமாறுகிற இடத்தில், இங்கே ஒரு சாதாரணக் கருவி தெளிவாகக் காட்டிவிடுகிறது.

இனி கருவிக்கு வருவோம். கடையிலும் இணையத்திலும் பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் 525 மடங்கு, 675 மடங்கு என்று அச்சிட்டிருப்பார்கள். அதைப் பார்த்து வாங்கவே வாங்காதீர்கள். தொலைநோக்கியின் திறனைத் தீர்மானிப்பது முன்பக்க லென்ஸின் அல்லது அடியிலுள்ள குழியாடியின் விட்டம். இருட்டில் விரிந்த கண்பாவை 7 மி.மீ. இருக்கும். 70 மி.மீ. லென்ஸ் அதைப்போல் 100 மடங்கு ஒளியைத் திரட்டுகிறது. 130 மி.மீ. ஆடி ஏறக்குறைய 345 மடங்கு திரட்டுகிறது. உருப்பெருக்கத்துக்கும் ஓர் எல்லை உண்டு. விட்டத்தை மி.மீட்டரில் எடுத்து இரண்டால் பெருக்கினால் வருவதே உச்சம். 70 மி.மீ. கருவிக்கு அது 140. அதற்கு மேல் போனால் படம் பெரிதாகும், தெளிவு குறைந்துகொண்டே போகும். உருப்பெருக்கத்தைக் கணக்கிடுவதும் எளிது. 900 மி.மீ. குவியத் தொலைவுள்ள கருவியில் 25 மி.மீ. ஐபீஸ் (கண்ணருகே பொருத்தும் லென்ஸ்) போட்டால் 36 மடங்கு, 10 மி.மீ. போட்டால் 90 மடங்கு. தொடக்கத்துக்கு இந்த இரண்டு ஐபீஸ் தாராளம்.

பலரும் கவனிக்காமல் விடுவது ஸ்டாண்டை. நம் ஊருக்குத் தொலைநோக்கி வாங்குவதில் அதுவே பெரிய விஷயம் என்பேன். கனமான எதிர் எடை தொங்கும் ‘ஈக்குவடோரியல்’ ஸ்டாண்டின் அச்சைத் துருவ நட்சத்திரத்தை நோக்கிச் சாய்த்து நிறுத்த வேண்டும். ஐரோப்பாவில் அந்த நட்சத்திரம் உயரத்தில் இருக்கிறது. நெய்வேலியில் அது அடிவானத்திலிருந்து வெறும் 11½ பாகை உயரத்தில், மரங்களுக்கும் புகை மூட்டத்துக்கும் பின்னால் கிடக்கிறது. அச்சை அவ்வளவு தாழ்த்தினால் மலிவான ஸ்டாண்டுகளில் எதிர் எடைக் கம்பி முக்காலியின் காலில் இடிக்கும். புதிதாகத் தொடங்குபவருக்கு இந்த வதை வேண்டாம். மேலும் கீழும், இடமும் வலமும் கையால் தள்ளித் திருப்பும் எளிய ஸ்டாண்டே போதும். அந்த வகையில் சிறந்தது டாப்சோனியன்.

அதற்குப் பெயர் தந்த ஜான் டாப்சன் கலிஃபோர்னியாவில் ராமகிருஷ்ணர் வழி வந்த வேதாந்த மடத்தில் 1944 முதல் 1967 வரை துறவியாக இருந்தவர். கப்பல் ஜன்னலின் பழைய கண்ணாடியைத் தேய்த்து ஆடி செய்தார். கட்டுமான வேலைக்கு வரும் அட்டைக் குழாயை உடலாக்கி, மரப்பெட்டியில் உட்காரவைத்தார். தெருவோரத்தில் நிறுத்தி, போகிற வருகிறவர்களையெல்லாம் கூப்பிட்டு நிலாவைக் காட்டினார். உலகெங்கும் எளியவர்களின் கைக்குப் பெரிய ஆடி வந்து சேர்ந்தது அந்த மரப்பெட்டியால்தான். 114 அல்லது 130 மி.மீ. ஆடியுள்ள, மேசைமேல் வைக்கும் சிறு டாப்சோனியன் குவார்ட்டர்ஸ் வீட்டுக்கு அளவானது. அதற்கும் கை போகாவிட்டால் நல்ல பைனாகுலர் ஒன்றே போதும். கார்த்திகைக் கொத்தை எந்தத் தொலைநோக்கியைவிடவும் அது அழகாகக் காட்டும்.

வந்த பெட்டியை இரவில் பிரிக்காதீர்கள். முதல் வேலையைப் பகலிலேயே செய்துவிட வேண்டும். பெரிய குழாயின் மேல் ஃபைண்டர் என்ற சிறு குழாய் இருக்கும். இரண்டும் ஒரே இடத்தைப் பார்க்காவிட்டால் வானத்தில் எதையும் கண்டுபிடிக்க முடியாது. இதற்கு நெய்வேலியைவிட வசதியான ஊர் இல்லை. தூரத்தில் தெரியும் தெர்மல் புகைபோக்கியின் உச்சியைப் பெரிய குழாயின் நடுவில் கொண்டுவந்து நிறுத்துங்கள். பிறகு ஃபைண்டரின் திருகுகளைத் திருப்பி, அதிலும் அதே உச்சி நடுவில் வரும்படி செய்யுங்கள். புகைபோக்கி தலைகீழாகத் தெரிந்தால் பயப்பட வேண்டாம், வானத்தில் மேல் கீழ் கிடையாது. சூரியன் இருக்கும் பக்கம் மட்டும் குழாயைத் திருப்பவே கூடாது, ஒரு நொடிகூட. கண் நிரந்தரமாகப் போய்விடும். சில பெட்டிகளில் ஐபீஸில் திருகும் ‘சன் ஃபில்டர்’ ஒன்று வரும். குவிந்த வெப்பத்தில் அது வெடித்துவிடக்கூடும் என்பதால் அன்றே குப்பையில் போடுங்கள்.

நாள் பார்ப்பதானால் வளர்பிறை அட்டமி. பௌர்ணமி நிலா தட்டையாகத் தெரியும், நிழலே இருக்காது. அட்டமியன்று ஒளியும் இருளும் சந்திக்கும் கோட்டில் மலைகளும் பள்ளங்களும் கன்னங்கரேல் என்று நிழல் விழுத்தி எழுந்து நிற்கும். ஓரிரு நாள் கழித்து 93 கி.மீ. அகலமுள்ள கோப்பர்நிக்கஸ் பள்ளத்தில் விடியும். படிக்கட்டுபோல் சரிந்திறங்கும் அதன் உட்சுவரையும் நடுவிலுள்ள சிகரங்களையும் பாருங்கள். அப்படியே தென்முனைப் பக்கம் வந்தால் பள்ளங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக நெருக்கியடித்துக் கிடக்கும். 2023 ஆகஸ்ட் 23 அன்று சந்திரயான்-3 இறங்கியது அந்தப் பக்கத்தில்தான். அதன் திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் பக்கத்து விழுப்புரத்துக்காரர். லேண்டர் தெரியுமா என்று பிள்ளைகள் கட்டாயம் கேட்பார்கள். தெரியாது. 70 மி.மீ. கருவி நிலாவில் பிரித்துக் காட்டக்கூடியது ஏறக்குறைய 3 கி.மீ. அளவுள்ளதை, லேண்டரோ ஓர் அறைக்குள் அடங்கிவிடும்.

90 மடங்கில் பார்க்கும்போது நிலா மெல்ல நகர்ந்து ஓரத்தை நோக்கிப் போவது தெரியும். குழாய் ஆடவில்லை, பூமி சுழல்கிறது. நான்கு நிமிடத்துக்கு ஒரு பாகை என்ற அந்த வேகத்தைக் கண்ணால் காண்பது புத்தகத்தில் படிப்பதைவிடப் பெரிய அனுபவம். வியாழனைச் சுற்றி கலிலியோ 1610 ஜனவரியில் கண்ட நான்கு நிலாக்களையும் 36 மடங்கிலேயே பார்க்கலாம். அவற்றில் ஒன்றான அயோ வியாழனை 42½ மணி நேரத்தில் சுற்றிவிடுவதால் மறுநாளே வரிசை மாறியிருக்கும். சனியின் வளையம் 2025 மார்ச்சில் பூமிக்கு விளிம்பைக் காட்டி மெலிந்துபோனது. 2032 வரை வளையம் ஆண்டுக்காண்டு அகலமாகத் திறந்துகொண்டே வரும், தொடங்குபவர்களுக்கு நல்ல காலம் இது.

மொட்டை மாடியில் ஒரு சங்கடம் உண்டு. பகலெல்லாம் வெயில் குடித்த சிமென்ட் தளம் இரவு பத்து மணி வரை வெப்பத்தை விடும், படம் கொதிக்கும். அதனால் கோள்களைத் தோட்டத்துப் புல்தரையிலிருந்து பாருங்கள். மார்கழிப் பனி லென்ஸில் படியாமலிருக்கக் கறுப்பு சார்ட் பேப்பரைச் சுருட்டிக் குழாயின் முன்னால் மாட்டலாம். நிலக்கரித் தூசி படிந்தால் துணியால் துடைக்காதீர்கள், கீறல் விழும், ரப்பர் ஊதியால் ஊதினால் போதும். கடலோரக் காற்றின் ஈரத்தில் லென்ஸில் பூஞ்சை பிடிக்கும். பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் எப்போதும் இருக்கட்டும்.

மேகத்துக்கு மட்டும் மருந்து இல்லை. வெள்ளி சூரியனைக் கடப்பதைப் பார்க்கப் பிரான்சிலிருந்து வந்த லெ ஜாந்தீ, புதுச்சேரியில் ஆய்வகம் கட்டிக் காத்திருந்தார். 1769 ஜூனில் உரிய நேரத்தில் மேகம் மூடிவிட்டது.

அதே புதுச்சேரியில் அவருக்கு எண்பது ஆண்டுகளுக்கு முன்பு இன்னொருவருக்கு வானம் திறந்தது. ஜான் ரிஷோ என்ற யேசு சபைப் பாதிரியார் 1689 டிசம்பரில் ஒரு வால்மீனைத் தொலைநோக்கியில் பார்த்துக்கொண்டிருந்தபோது, ஆல்ஃபா சென்டாரி என்ற பிரகாசமான தென் நட்சத்திரம் ஒன்றல்ல, இரண்டு என்று கண்டார். தொலைநோக்கி கொண்டு இந்திய மண்ணிலிருந்து செய்யப்பட்ட தொடக்க காலக் கண்டுபிடிப்புகளில் இதற்கு முக்கிய இடமுண்டு. நடந்த இடம் நெய்வேலிக்குக் கூப்பிடு தூரம். ஆனால் டவுன்ஷிப்பில் பள்ளி முடிக்கும் எத்தனை பேருக்கு ரிஷோவின் பெயர் தெரியும்? பாடப்புத்தகத்தில் ஒரு வரி சேர்க்கலாம்.

அவர் கண்டதை நீங்களும் காணலாம், சுரங்க வெளிச்சம் இதைத் தடுக்காது. மே மாதக் கடைசியில் இரவு பத்தரை மணிக்குத் தெற்கே திரும்பி நில்லுங்கள். அடிவானத்திலிருந்து 18 பாகை உயரத்தில், கையை நீட்டி விரித்த சாண் அளவுக்குச் சற்றுக் குறைவாக, இரண்டு பிரகாசமான நட்சத்திரங்கள் அருகருகே தெரியும். இடப்பக்கம் இருப்பது ஆல்ஃபா சென்டாரி. 4.4 ஒளியாண்டுத் தொலைவில், சூரியனுக்கு மிக அருகிலுள்ள அண்டை வீடு. லண்டனில் இது உதிப்பதே இல்லை. 36 மடங்கில் வைத்து நடுவுக்குக் கொண்டுவந்து, பிறகு 90க்கு மாற்றுங்கள். மஞ்சள் புள்ளிகள் இரண்டு, ஒன்று சற்று மங்கலாக, நடுவில் ஒரு கோடு இருள். 80 ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒன்றையொன்று சுற்றும் இவை ரிஷோ பார்த்த நாளிலிருந்து நான்கு சுற்றுக்கு மேல் வந்துவிட்டன. 2016 வாக்கில் மிக நெருங்கித் தெரிந்தவை, இப்போது ஆண்டுக்காண்டு விலகி வருவதால் சிறு கருவிக்கும் எளிதில் பிரிகின்றன. பிரியாமல் நடுங்கிக்கொண்டிருந்தால் கருவியைக் குறை சொல்ல வேண்டாம். தாழ்வானத்துக் காற்று அப்படி, ஒரு மழை பெய்து தூசி அடங்கிய மறுநாள் பாருங்கள். இது பிரிந்துவிட்டால், வலப்பக்கம் தென்சிலுவையின் அடிக்கு நகர்ந்து, இன்னும் நெருக்கமான ஆக்ரக்ஸ் இரட்டையை முயன்று பார்க்கலாம். மே தொடக்கத்தில் அது பத்து மணி வாக்கிலேயே உச்சிக்கு வந்துவிடும்.