சிறுவர் தக்காளித் தோட்டமும் கிணற்று நீரும்

தென் அமெரிக்காவில் தோன்றிய தக்காளி, இன்று கொங்கு நாட்டில் இன்றியமையாத காய்கறியாகிவிட்டது. உடுமலை, பல்லடம், பொங்கலூர்ப் பக்கங்களில் இது பெருவாரியாகச் சாகுபடியாகிறது. வீட்டுக் கொல்லையில் பத்துச் செடிகளைக் குழந்தைகளைக் கொண்டு வளர்ப்பித்தல், அவர்களுக்குப் பயிர்த்தொழிலைக் கற்பிக்க மிகவும் எளிய வழியாகும். ஆயின் திருப்பூர் வட்டாரத்தில் விதைக்கு முன் ஆராய வேண்டியது கிணற்று நீரேயாம்.

பருத்தித் துணியில் சாயம் நன்கு ஏறுவதற்கு மிகுதியான உப்புச் சேர்க்கப்படுகிறது. பனியன் தொழில் பெருகிய காலத்தில் இவ்வுப்புக் கழிவு நொய்யலாற்றிற் கலந்தது. பாசனத்திற்கென 1992-ல் முடிக்கப்பெற்ற ஒரத்துப்பாளையம் அணை அக்கழிவின் தேக்கமாயிற்று. 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. பின்னர், கழிவு நீரை வெளியே விடாமல் சுத்திகரித்து மீண்டும் உபயோகிக்கும் நிபந்தனையின் பேரிலேயே அவை இயங்கலாயின. எனினும் மண்ணிலும் ஊற்றிலும் படிந்த உப்பு எளிதில் நீங்குவதன்று. ஒரே ஊரில் ஒரு கிணறு நன்னீராகவும் மற்றொன்று உவர்நீராகவும் இருத்தல் கூடும்.

தக்காளி உவரை ஓரளவே தாங்கும். மண்ணின் மின்கடத்து திறன் 2.5 டெசிசைமன் அளவைக் கடந்தால், அதன்பின் ஏறும் ஒவ்வொரு அளவுக்கும் மகசூல் ஏறக்குறைய நூற்றுக்குப் பத்து வீதம் குறையும். மண் பரிசோதனை நிலையத்தில் நீரைக் கொடுத்து அதன் மின்கடத்து திறனை அறிந்துகொள்ளலாம்.

இதனைக் குழந்தைகள் தாமே கண்டறியவும் வழியுண்டு. அடியில் துளையுள்ள இரண்டு தொட்டிகளில் ஒரே வகை மண்ணும் மக்கிய எருவும் இட்டு, ஒவ்வொன்றிலும் 20 விதைகளைத் தூவுக. மழை படாத, வெயில் விழும் இடத்தில் வைத்து, ஒன்றுக்குச் சேமித்த மழைநீரும் மற்றதற்குக் கிணற்று நீரும் சம அளவில் வார்க்க வேண்டும். முளைத்தவற்றை எண்ணிக் குறித்து, முப்பது நாள் வரை கவனித்தல் நலம். கிணற்று நீர்த் தொட்டியில் முளைப்புக் குறைந்தாலும், இலையோரம் கருகினாலும், மண்மேல் வெண்பொடி பூத்தாலும் அந்நீர் தக்காளிக்கு ஏற்றதன்று. நிறமோ துர்நாற்றமோ உள்ள நீரைச் சோதனைக்கும் குழந்தைகள் கையில் கொடுத்தல் ஆகாது.

நீர் நன்றாயின், பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி வெளியிட்ட பி.கே.எம். 1 இரகத்தை ஆனி, ஆடி மாதங்களில் நாற்றுவிடலாம். 25 நாள் நாற்றை இரண்டடிக்கு ஒன்றரை அடி இடைவெளியில் மாலை வேளையில் நடுக. செடியைச் சுற்றிச் சருகு பரப்பினால் ஈரம் காயாது, உப்பும் மேலேறாது. ஓரத்தில் செண்டுமல்லி நட்டால் காய்ப்புழுவின் அந்துப்பூச்சி அதனை நாடி முட்டையிடும். புழு பொறுக்குதல் சிறுவர்க்கு ஏற்ற வேலை. பூச்சி மருந்தை அவர்கள் தொடலாகாது.

காயின் அடிப்பாகம் கறுத்து அழுகினால் அதனை நோய்க் கிருமியின் வேலையென்று எண்ணி மருந்தடித்தல் வீண். ஒரு நாள் வெள்ளமும் நான்கு நாள் காய்ச்சலுமாக நீர் பாய்ச்சுவதால் காய்க்குச் சுண்ணாம்புச் சத்துப் போதாமையே காரணமாம். உவர்நீரும் இதனை அதிகப்படுத்தும்.

நீர் உவராயினும் தோட்டத்தைக் கைவிட வேண்டுவதில்லை. கூரை மழைநீரைத் தொட்டியில் சேர்த்து, நான்கைந்து செடிகளைச் சாடிகளில் வளர்க்கலாம். கிராம அதிகாரிகள் பள்ளிச் சிறுவர்களின் சோதனை முடிவுகளைக் கிணறுவாரியாக ஒரு குறிப்பேட்டில் எழுதுவித்து, ஆண்டுதோறும் ஒப்பிட்டு வருவார்களாயின், ஊரின் நீர் சீர்படுகின்றதா, கெடுகின்றதா என்பது யாவர்க்கும் விளங்கும். வருங்காலத்தில் அந்நிலத்தை உழப்போகிறவர்கள் அச்சிறுவர்களே.