எஜமான் வரவில்லை, சோறு தொடாமல் செத்தது நாய்! கல்பாக்கத்துக்கு வழிபோட்ட என்ஜினீயர் பாபாவின் கதை

பிரம்மதேசம், ஜன. 24-

மரக்காணம் உப்பளத்தை தாண்டி கிழக்கு கடற்கரை சாலையில் வடக்கே போனால் கல்பாக்கம். அங்கே அணுமின் நிலையம் இருப்பது பிரம்மதேசம் வட்டாரத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். இந்தியாவில் அணு மின்சாரத்துக்கு முதலில் திட்டம் போட்டவர் ஹோமி பாபா. 1966-ம் ஆண்டு இதே ஜனவரி 24-ந் தேதிதான் அவர் பலியானார்.

விஞ்ஞானி என்று பெயர் எடுத்தாலும் அவர் முதலில் படித்தது என்ஜினீயரிங். சங்கீதம் என்றால் உயிர். வீட்டில் "கியூபிட்" என்று ஒரு செல்ல நாய்.

அப்பா கண்டிஷன்

பாபா 1909-ல் பம்பாயில் பிறந்தார். பார்சி குடும்பம். அப்பா வக்கீல். அத்தை டாட்டா வீட்டு மருமகள். பையன் சீமையில் என்ஜினீயரிங் படித்துவிட்டு வந்து ஜாம்ஷெட்பூர் டாட்டா இரும்பு ஆலையில் சேரவேண்டும் என்பது பெரியவர்கள் போட்ட கணக்கு.

1927-ல் கேம்பிரிட்ஜ் போனார். போன இடத்தில் மனசு பவுதிகத்தின் மேல் போய்விட்டது. "என்ஜினீயர் வேலை எனக்கு ஒத்துவராது" என்கிற பாணியில் அப்பாவுக்கு கடிதம் போட்டார்.

அப்பா என்ன செய்தார் தெரியுமா? பணத்தை நிறுத்தவில்லை. முதலில் என்ஜினீயரிங்கில் முதல் வகுப்பு வாங்கு, அப்புறம் உன் இஷ்டம் என்று கண்டிஷன் போட்டார். 1930-ல் மகன் முதல் வகுப்பு வாங்கிக் காட்டினார். அப்பாவும் சொன்ன சொல் தவறவில்லை. மேற்கொண்டு படிக்க வைத்தார்.

இசைத்தட்டு

பாபா வீட்டில் இசைத்தட்டுகள் ஏராளம். பீத்தோவன், மொசார்ட் இசையை கேட்டே வளர்ந்தவர். கேம்பிரிட்ஜில் மொசார்ட்டின் இசை நாடகம் ஒன்றுக்கு மேடைக் காட்சி வரைந்து கொடுத்தார். நன்றாக படமும் வரைவார். பம்பாயில் தான் கட்டிய ஆராய்ச்சி நிலையத்தில் மரத்தை வெட்ட விடமாட்டார். வேரோடு பெயர்த்து வேறு இடத்தில் நடச்சொல்வார். அவர் கல்யாணமே செய்து கொள்ளவில்லை.

1956 ஆகஸ்டு 4-ந் தேதி இந்தியாவின் முதல் அணு உலை "அப்சரா", பம்பாய் டிராம்பேயில் அவரது தலைமையில் இயங்கத் தொடங்கியது.

பனி மலையில்

1966 ஜனவரியில் வியன்னா கூட்டத்துக்கு புறப்பட்டார். 24-ந் தேதி ஏர் இந்தியா விமானம் ஆல்ப்ஸ் மலைத் தொடரில் மோண்ட் பிளாங்க் சிகரத்தில் மோதி நொறுங்கியது. 117 பேரும் பலி. டெல்லியில் இந்திரா காந்தி முதன் முதலாக பிரதமர் பதவி ஏற்றதும் அதே நாள்தான். பாபாவுக்கு வயது 56.

பம்பாய் வீட்டில் கியூபிட் காத்துக் கிடந்தது. வைத்த சோற்றை தொடவில்லை. கொஞ்ச நாளில் அதுவும் செத்துப்போனது என்று பாபாவை அறிந்தவர்கள் சொல்லி வந்தார்கள்.

கல்பாக்கம்

வெளிநாட்டை நம்பாமல் நம் கடற்கரை மணலில் உள்ள தோரியத்தில் இருந்து மின்சாரம் எடுக்கவேண்டும், அதை 3 கட்டமாக செய்யவேண்டும் என்பது 1954-ல் பாபா சொன்ன திட்டம். அந்த தோரியம் கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சி மணலிலும் இருக்கிறது.

கல்பாக்கத்தில் நம் என்ஜினீயர்களே கட்டிய அணுமின் நிலையம் 1983-ல் மின்சாரம் கொடுத்தது. திட்டத்தின் 2-வது கட்டமான வேக ஈனுலை வேலையும் அங்கேதான் நடக்கிறது. எதையும் பார்க்க பாபா இல்லை.