மைனர் சம்பாத்தியமும் வருமான வரியும்

பெருங்குடியில், ராஜீவ் காந்தி சாலையை ஒட்டிய தெருவில் குடியிருக்கும் ஓர் அம்மா, மகனின் பாஸ்புக்கை என் முன் விரித்தார். பையனுக்கு வயது 17. பிளஸ் டூ படித்துக்கொண்டே, ராத்திரியில் ஒரு கம்பெனிக்கு வீடியோ எடிட்டிங் செய்து கொடுக்கிறான். வருஷத்துக்குப் பேசிய தொகை 60,000 ரூபாய். கணக்கில் ஏறியது 54,000. "மைனர் பையனுக்கு எதுக்குங்க வரி பிடிக்கிறாங்க?" என்றார்.

வருமான வரிக்கு வயது வரம்பு கிடையாது. பிள்ளையின் பெயரில் வரும் வட்டி போன்ற வருமானத்தை, அப்பா அம்மா இருவரில் யாருக்கு வருமானம் அதிகமோ அவர் கணக்கில் சேர்க்க வேண்டும் என்கிறது 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 64(1ஏ) பிரிவு. ஆனால் உடலுழைப்பாலோ, திறமையாலோ பிள்ளையே சம்பாதித்தது அவனுடையதுதான். 2024-ல் கேண்டிடேட்ஸ் செஸ் போட்டியை வென்றபோது நம்ம சென்னை குகேஷுக்கும் வயது 17. அப்படி ஆடிச் சம்பாதிப்பதும் எடிட்டிங் கூலியும் சட்டத்தின் பார்வையில் ஒரே ரகம். ஒன்றை மட்டும் பலர் கோட்டை விடுகிறார்கள்: அந்தச் சம்பளத்தையே வங்கியில் டெபாசிட் போட்டால், அதன் வட்டி பெற்றோர் கணக்குக்குப் போய்விடும்.

2025-26 நிதியாண்டுக்குப் புதிய வரி முறையில் 4 லட்சம் ரூபாயைத் தாண்டினால் ரிட்டர்ன் கட்டாயம். 12 லட்சம் வரை தள்ளுபடியால் வரி வராமல் போகலாம். அதற்காக ரிட்டர்ன் போடாமல் இருக்க முடியாது. பணம் தருபவர் முன்கூட்டியே பிடிக்கும் வரி (டிடிஎஸ்) 25,000 ரூபாயைத் தொட்டாலும் கட்டாயம்தான்.

இந்தப் பையனுக்குக் கட்டாயமில்லை. ஆனால் பிடித்த 6,000 ரூபாய் தானாகத் திரும்பி வராது. ரிட்டர்ன் போட்டால்தான் வரும். அவனிடம் பான் கார்டு இருந்தது நல்லதாகப் போயிற்று. இல்லையென்றால் 20 சதவீதம், அதாவது 12,000 போயிருக்கும். மைனர் பான் கார்டில் போட்டோவும் கையெழுத்தும் இருக்காது. அதனால் செல்லாது என்று நினைத்துப் பெட்டியில் பூட்டி வைக்காதீர்கள். 18 ஆனதும் இரண்டையும் சேர்த்துப் புதுப்பித்தால் போதும்.

முதலில் கம்பெனியிடம் வரி பிடித்ததற்கான சான்றாகப் படிவம் 16ஏ கேளுங்கள். 26ஏஎஸ் அறிக்கையில் அந்தத் தொகை பையனின் பான் எண்ணில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். பிடித்த பணத்தைக் கம்பெனி கட்டாமல் விட்டிருந்தால், அதே வரியைப் பிள்ளையிடம் துறை மறுபடி கேட்க முடியாது. பிடித்ததற்கான ஆதாரம் உங்கள் கையில் இருக்க வேண்டும். பிறகு அப்பாவோ அம்மாவோ வருமான வரி இணையதளத்தில் பிள்ளையின் பிரதிநிதியாகப் பதிவுசெய்து, ரிட்டர்ன் போட்டு, 30 நாளுக்குள் சரிபார்க்க வேண்டும். பானோடு இணைத்த வங்கிக் கணக்குக்குத்தான் ரீஃபண்ட் வரும்.

ரிட்டர்ன் போடும் கெடு தப்பினாலும் டிசம்பர் 31 வரை தாமத ரிட்டர்ன் போடலாம். இந்தப் பையனைப் போல வரம்புக்குள் சம்பாதிப்பவர்களுக்கு அபராதம் இல்லை. அதையும் விட்டால், பின்னால் போடும் புதுப்பித்த ரிட்டர்னில் (அப்டேட்டட் ரிட்டர்ன்) ரீஃபண்ட் கேட்க முடியாது. பிள்ளை கண் விழித்துச் சம்பாதித்த காசு அது. அந்தத் தேதிக்குள் கேட்டு வாங்கிக் கொடுத்துவிடுங்கள்.